ஆழமான ஈறுப் பைக்குள் மருந்து வைக்கச் சொன்னால்

பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் கலந்து வருவதை ஏழு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலி இல்லை, அதனால் நோய் என்று தோன்றவில்லை. பிரஷ் கரடுமுரடாக இருக்கிறது என்று அதை மாற்றினேன், அப்புறம் பேஸ்டை மாற்றினேன். ஒருநாள் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் நாக்கு பட்டதும் லேசாக அசைந்தது. அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனேன். ஈறு நோய் எலும்பு வரை போய்விட்டது, டீப் கிளீனிங், அதாவது ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் ஆழம் குறையாத இடங்களில் ஈறுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் வைக்கலாம் என்றார்.

ஈறுக்குள் மருந்து வைப்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இப்போது எல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடம் யாராவது இதையே சொன்னால் என்ன கேட்க வேண்டும், எப்போது சரி என்று சொல்லலாம், வைத்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதும் வேலை பார்க்கிறவள். எண் எதைக் கண்டாலும் குறித்து வைத்துக்கொள்வேன். இந்தச் சிகிச்சையில் அந்தப் பழக்கம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

முதலில் உங்கள் அளவுகளை வாங்கிக்கொள்ளுங்கள்

ஈறு பல்லோடு முழுக்க ஒட்டியிருப்பதில்லை. விளிம்பில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பல்லில் படியும் கிருமிப் படலமும், அது இறுகி உண்டாகும் காரையும் அந்த இடைவெளிக்குள் இறங்கினால் ஈறு வீங்கும், பிடிப்பு விடும், அடியில் இருக்கும் எலும்பு கரையும். இடைவெளி ஆழமாகிப் பை போல ஆகிவிடும். பல் டாக்டர்கள் பாக்கெட் என்று சொல்வது இதைத்தான். 5 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதை நம் பிரஷ் எட்டவே எட்டாது.

அளப்பதற்கு, முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அதை இறக்கிப் பார்ப்பார்கள். டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே போனார். "மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, நான்கு." கடைவாய்ப் பல்லுக்கு வந்ததும் குரல் கொஞ்சம் மெதுவானது. "ஐந்து, ரத்தம். நான்கு. ஏழு, ரத்தம்." வாயைத் திறந்தபடி நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஞானப் பற்கள் எனக்கு இல்லை, ஆக 28 பல், 168 இடம். அதில் 41 இடத்தில் 5 அல்லது அதற்கு மேல்.

அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன். நீங்களும் கண்டிப்பாக வாங்குங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் வாயின் கணக்கு. எந்தப் பல்லில், எந்தப் பக்கத்தில், எத்தனை மில்லிமீட்டர், ரத்தம் வந்ததா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதை எக்ஸ்-ரேயில் காட்டச் சொல்லுங்கள். ஒரு அளவும் எடுக்காமல் "உள்ளே மருந்து வைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அளந்த பிறகு பேசலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

மருந்துக்கு முன்னால் ஏன் சுத்தம்

என் அக்காவுக்கும் ஈறில் ரத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுவாள், அடங்கும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். மூன்று தடவை இப்படியே போனது. பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பல் வேரில் ஒட்டியிருக்கும் கிருமிகள் தனித்தனியாக மிதப்பவை அல்ல. பிசின் மாதிரி ஒரு படலத்தைத் தாங்களே சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. காரையோ கல் மாதிரி, எந்த மருந்தாலும் கரையாது. முதலில் கருவியால் சுரண்டி எடுத்தாக வேண்டும். படலம் கலைந்த பிறகு மிச்சமிருக்கும் கிருமிகள் மேல்தான் மருந்து வேலை செய்யும். அதனால்தான் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் வைப்பதில் பயன் இல்லை.

வாய் கொப்பளிக்கும் மருந்து போதாதா என்று நான் கேட்டேன். அது ஆழமான பைக்குள் போவதே இல்லையாம். மேலும், ஈறிலிருந்து ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கிறது. 5 மில்லிமீட்டர் பையில் இருக்கும் திரவம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 தடவை மாறிவிடும் என்று டாக்டர் சொன்னார். சாதாரணத் திரவ மருந்தை உள்ளே விட்டாலும் சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே உள்ளேயே தங்கி, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வடிவத்தில் மருந்து செய்கிறார்கள். மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கப் போக வேண்டிய மருந்து, இங்கே வேண்டிய இடத்தில் மட்டும் அதிகச் செறிவில் நிற்கிறது, மற்ற உறுப்புகளுக்கு மிகக் குறைவாகவே போகிறது.

டீப் கிளீனிங்கைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதிரும் கருவியாலும் கையால் சுரண்டும் கொக்கி போன்ற கருவியாலும் வேர் வரை சுத்தம் செய்வார்கள். எனக்கு இரண்டு நாளில், ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகச் செய்தார்கள். மரத்தது தெளிந்த பிறகு இரண்டு நாள் ஈறு வலித்தது. பல் கூச்சம் மூன்று வாரம் இருந்தது, கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டுச் சமாளித்தேன். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: வீக்கம் வடிந்தால் ஈறு சுருங்கும். பல் நீளமானது போலத் தெரியும், பற்களுக்கு நடுவே சந்து தெரியும். சுத்தம் செய்ததால் சந்து வந்துவிட்டது என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். அங்கே வீக்கமும் காரையும் அடைத்துக்கொண்டிருந்தன, இப்போது அவை இல்லை.

காத்திருப்பதா, அன்றைக்கே வைப்பதா

சிலர் சுத்தம் செய்த அன்றைக்கே ஆழமான பைகளில் மருந்தை வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் 4 முதல் 6 வாரம், சில இடங்களில் 3 மாதம் வரை விட்டு, மறுபடி அளந்து, அப்போதும் ஆழமாக இருக்கும் இடங்களில் மட்டும் வைக்கிறார்கள். இரண்டும் நடைமுறையில் உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவது. காரணம் என் நோட்டில் இருக்கிறது. ஆறு வாரம் கழித்து அளந்தபோது 41 இடம் 9 ஆகக் குறைந்திருந்தது. மீதி 32 இடமும் மருந்தே இல்லாமல், சுத்தத்தாலும் தினசரிப் பராமரிப்பாலும் மட்டுமே 4க்குக் கீழோ 4லோ வந்துவிட்டன. முதல் நாளே வைத்திருந்தால் தேவையில்லாத இடங்களிலும் ஆன்டிபயாடிக் போயிருக்கும். எந்த ஆன்டிபயாடிக்கையும் தேவையில்லாமல் பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த ஒன்பதிலும் எல்லாவற்றுக்கும் மருந்து வைக்கவில்லை. அசைந்த அந்தக் கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடம் வரை எலும்பு போயிருந்தது. அங்கே இருந்த 7, 8 மில்லிமீட்டர் பைகள் இரண்டுக்கும் மருந்து போதாது, ஈறைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மீதி ஏழு இடம், 5, 6 மில்லிமீட்டர், எல்லாவற்றிலும் தொட்டால் ரத்தம். மருந்துக்குப் பொருத்தமான இடங்கள் என்றால் இப்படிப்பட்டவைதான்: சுத்தம் செய்தும் 5 அல்லது அதற்கு மேல் நிற்பவை, ரத்தம் வருபவை, எண்ணிக்கையில் சில. வாய் முழுக்க அப்படி இருந்தால் சுத்தமே சரியாக நடக்கவில்லையா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையா, புகைப் பழக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சீழ் கட்டி வீங்கியிருந்தால் அந்தச் சீழை முதலில் வெளியேற்ற வேண்டும்.

எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம்? இதை நான் விடாமல் கேட்டேன். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தூள் போன்ற நுண்ணுருண்டைகளாக வைத்துச் செய்த பெரிய ஆய்வில், 9 மாத முடிவில், சுத்தம் மட்டும் செய்தவர்களுக்குப் பை ஆழம் சராசரியாக 1.08 மில்லிமீட்டர் குறைந்தது. மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 1.32. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: ஈறு மறுபடி பல்லைப் பிடிப்பதில் சுத்தம் மட்டும் சராசரியாக அரை மில்லிமீட்டர் தருகிறது, அதற்கு மேல் குளோர்ஹெக்சிடின் சில்லு 0.40, டாக்ஸிசைக்ளின் ஜெல் 0.64, மினோசைக்ளின் 0.24 மில்லிமீட்டர் கூட்டுகிறது. ஐரோப்பியப் பல்ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் இவற்றை "பரிசீலிக்கலாம்" என்ற அளவில்தான் வைக்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. அதாவது லாபம் உண்டு, சின்ன லாபம். 5 மில்லிமீட்டர் பைக்கு அந்தச் சின்னது போதுமானதாக இருக்கலாம். 8 மில்லிமீட்டருக்குப் போதாது. சம்மதிப்பதற்கு முன் உங்கள் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எந்த மருந்து என்பதைப் பெரும்பாலும் டாக்டரிடம் இருப்பதுதான் தீர்மானிக்கும். மினோசைக்ளின் தூளாகவோ ஜெல்லாகவோ வரும். டாக்ஸிசைக்ளின் ஜெல் உள்ளே போனதும் ஈரம் பட்டு இறுகிக்கொள்ளும். மெட்ரோனிடசோல் ஜெல்லும் உண்டு. குளோர்ஹெக்சிடின் சில்லு குட்டி நகத் துண்டு போல இருக்கும், 7 முதல் 10 நாளில் கரைந்துவிடும். அது ஆன்டிபயாடிக் அல்ல, கிருமிநாசினி.

நாற்காலியில் உட்காருவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. டெட்ராசைக்ளின் வகை மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மினோசைக்ளினும் டாக்ஸிசைக்ளினும் வேண்டாம், அவை அதே குடும்பம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இவற்றை வைப்பதில்லை. குழந்தையின் பல் நிறம் நிரந்தரமாக மாறக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாயில் அடிக்கடி வெள்ளைப் பூஞ்சை வருகிறவர்களும் சொல்ல வேண்டும். அக்காவை நான் அழைத்துப் போனபோது, பையில் இருந்த எல்லா மாத்திரை அட்டைகளையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னேன். அதுவே எளிய வழி.

வைக்கும் நேரம்

ஏழு இடத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி தேவைப்படவில்லை. முதலில் அந்த இடங்களை மறுபடி ஒரு தடவை சுத்தம் செய்தார். அப்புறம் பேனா போல ஒரு பிடி, அதன் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழல். குழலுக்குள் இத்தனூண்டு மஞ்சள் சாயல் தூள். ஒரு குழலில் 1 மில்லிகிராம் மினோசைக்ளின்தான், ஒரு பைக்கு ஒரு குழல். நுனியைப் பைக்குள் இறக்கும்போது நகத்தால் ஈறை மெல்ல விலக்குவது போல இருந்தது. பிடியை அழுத்தியதும் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். ஈரம் பட்டதும் தூள் அங்கேயே ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் வரை மருந்தை விடும். உருண்டைகளின் பொருள் தானாகவே கரைந்துவிடும், திரும்ப வந்து எடுக்க வேண்டியதில்லை.

ஒவ்வொன்றையும் வைத்ததும் பல்லின் பெயரையும் பக்கத்தையும் சொல்லச் சொன்னேன். "மேல் இடது, முதல் கடைவாய்ப் பல், பின்பக்கம்." வீட்டுக்கு வந்ததும் வாயின் படம் ஒன்று வரைந்து ஏழு இடத்திலும் சிவப்புப் புள்ளி வைத்து, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினேன். இதை நீங்களும் செய்யுங்கள், ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அடுத்த பத்து நாள்

மினோசைக்ளின் தூளுக்கு எனக்குச் சொன்னது இது. 12 மணி நேரம் பல் துலக்கக் கூடாது. ஒரு வாரம் கடினமான, மொறுமொறுப்பான, ஒட்டுகிற பண்டங்கள் வேண்டாம். மருந்து வைத்த இடங்களில் 10 நாள் பல்லிடுக்கு பிரஷோ நூலோ போடக் கூடாது. விரலால், நாக்கால் அங்கே நோண்டக் கூடாது. டாக்ஸிசைக்ளின் ஜெல் என்றால் வைத்த இடத்தில் 7 நாள் பிரஷும் நூலும் வேண்டாம் என்பார்கள். சில்லு என்றால் அந்த இடத்தில் 10 நாள் நூல் வேண்டாம். மருந்துக்கு மருந்து விதி மாறும், அதனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தடை வைத்த இடத்துக்குத்தான், வாய் முழுக்க அல்ல. மற்றப் பற்களை 12 மணி நேரத்துக்குப் பிறகு வழக்கம் போலச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் எனக்குத் தவறு நடந்தது. நான்காம் நாள் இரவு, தூக்கக் கலக்கத்தில், கைப்பழக்கமாக மேல் இடது கடைவாய்ப் பல் இடுக்கில் பிரஷை விட்டுவிட்டேன். இழுத்த பிறகுதான் கண்ணாடியில் இருந்த புள்ளியைப் பார்த்தேன். மறுநாள் காலையில் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இனிமேல் தொடாதீர்கள், பரவாயில்லை என்றார். அன்றிலிருந்து பல்லிடுக்கு பிரஷை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, மற்ற இடங்களுக்கு மட்டும் படத்தைப் பார்த்தபடி நூல் போட்டேன்.

லேசான எரிச்சல், கொஞ்சம் பல்வலி இருக்கலாம், எனக்கு ஒரு நாள் இருந்தது. தோலில் தடிப்பு, அரிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். மூச்சு வாங்கினால் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும். காய்ச்சல், சீழ், அதிகரிக்கும் வலி என்றால் அன்றைக்கே பல் டாக்டரைக் கூப்பிடுங்கள். நாக்கில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் சொல்லுங்கள். கூடவே குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கக் கொடுத்தால் சொன்ன நாளுக்கு மேல் தொடர வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

பத்து நாள் முடிந்ததும் பல்லிடுக்கு பிரஷை மறுபடி தொடங்குங்கள். இடுக்குக்கு இடுக்கு அளவு மாறும். எனக்கு மூன்று அளவு வேண்டியிருந்தது. எது எங்கே என்று டாக்டரே போட்டுக் காட்டினார். தளர்வாக இருந்தால் சுத்தம் செய்யாது, இறுக்கிக் குத்தினால் ஈறு புண்ணாகும். சரியான அளவு என்றால் தூரிகையின் முடி இரண்டு பக்கமும் லேசாக உரசும், கம்பி பல்லில் படாது.

மூன்று மாதம் கழித்து

மறுபடி கம்பி, மறுபடி எண்கள். ஏழு இடத்தில் ஐந்து 4க்கு வந்திருந்தது. ஒன்று 5, ஆனால் ரத்தம் இல்லை. ஒன்று 6லேயே நின்றது: மேல் இடது கடைவாய்ப் பல், பின்பக்கம், நான் பிரஷை விட்ட அதே இடம். அதனால்தானா என்று கேட்டேன். அப்படி ஒரு தடவையை வைத்துச் சொல்ல முடியாது, அங்கே வேரில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றார். அங்கே இன்னொரு தடவை சுத்தம் செய்து மருந்து வைத்தார். அதற்கும் குறையாவிட்டால் மூன்றாவது தடவை வைப்பதில் அர்த்தமில்லை, ஈறைத் திறந்து பார்ப்போம் என்று அப்போதே சொல்லிவிட்டார். எத்தனை தடவைக்குப் பிறகு நிறுத்துவோம் என்பதை நீங்களும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் மருந்து வைத்துக்கொண்டே போவதும், அளவு அப்படியே நிற்பதுமாக இருந்தால், அது வேறு சிகிச்சைக்கான நேரம்.

அக்கா இப்போதுதான் டீப் கிளீனிங் முடித்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. ஈறு ஆறினால் சர்க்கரை அளவும் கொஞ்சம் இறங்கும், சர்க்கரை இறங்கினால் ஈறு நன்றாக ஆறும் என்பதால் இரண்டு டாக்டர்களிடமும் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மருந்து வேண்டுமா என்பது ஆறாவது வாரம் அளந்த பிறகு தெரியும். அதுவரை மாத்திரை எதுவும் வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு 3 மாதத்துக்கு ஒரு தடவை பராமரிப்புச் சுத்தம். ஒவ்வொரு தடவையும் பழைய தாளை எடுத்துப் போகிறேன், புதிய எண்ணைப் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அறுவை முடிந்தது, 8 இப்போது 4. மேல் இடதில் 6 மில்லிமீட்டரில் நின்ற பை, இரண்டாவது மருந்துக்குப் பிறகு 5க்கு வந்து, போன தடவை ரத்தம் இல்லாமல் அதே 5ல் நின்றது.